அடையாறு தொல்காப்பியப் பூங்கா போகுமுன்

வந்த கேள்வி இது: "ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியாரும் வருகிறார். ஞாயிறு காலையில் அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்குப் போனால் பார்க்க ஏதாவது இருக்குமா? போய் வந்தவர்கள், மரமும் சாக்கடை வாடையும்தான், ஒரு ஊஞ்சல்கூட இல்லை என்கிறார்கள். நம் வரிப்பணத்தில் போட்ட பூங்காவுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?"

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் பூங்கா என்ற பெயரை நம்பிப் போனால் உங்களுக்கும் அந்த ஏமாற்றம்தான் மிஞ்சும். அது ஆற்றங்கரையில் வைத்த தோட்டம் இல்லை, ஒரு கழி. அடையாறு கடலில் சேரும் இடத்தில் பிரிந்து கிவிபிள் தீவைச் சுற்றி வளைந்து ராஜா அண்ணாமலைபுரம் வரை நீளும் உப்பங்கழியின் ஒரு துண்டு அது. பல வருடம் கட்டட இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி மூடிக்கொண்டிருந்த இடத்தைத் தோண்டி எடுத்து மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அதற்கு நடுவில் நாம் நடக்க ஒரு பாதையும் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊஞ்சலைத் தேடுகிறவருக்கு ஊரில் மாநகராட்சிப் பூங்காக்கள் நிறைய இருக்கின்றன.

நான் முதல்தடவை போனதே தப்பான நாளில். மே மாதம், வெயில் ஏறிய பிறகு. தண்ணீர் ஆறிப்போன டீ டிக்காஷன் மாதிரி அசையாமல் கிடந்தது, நாற்றம் வேறு, பறவை என்று பார்த்தால் நான்கு காக்காவும் ஒரு மடையானும். இதற்கா இவ்வளவு பேச்சு என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அடுத்த தடவை டிசம்பரில், மழை விட்ட ஒரு காலையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், அதே இடமா என்று சந்தேகமே வந்துவிட்டது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று புரிந்துகொள்ளத்தான் எனக்குக் கொஞ்ச வருடம் ஆனது, அதைச் சொல்லிவிட்டால் உங்கள் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

விஷயம் முகத்துவாரத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு மெரினா இவ்வளவு அகலமாகப் பரந்ததும், அதற்கு வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதும் இதே மணல் ஓட்டத்தால்தான். அந்த மணல் அடையாற்று வாயிலும் வந்து குவியும். ஆற்றில் வெள்ளம் இருந்தால் அடித்துத் தள்ளிவிடும். கோடையில் ஆற்றுக்கு ஏது பலம்? மணல் திட்டு வாயை அடைத்துவிடும், கடல் நீர் உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போகாது, மழைநீர் வடிகால் வழியே வந்து சேரும் கழிவு நீர் மட்டும் அப்படியே தங்கிவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் இயந்திரங்களை இறக்கி வாயைத் தோண்டித் திறந்துவிடுவார்கள். அதன் பிறகு மழை, வெள்ளம், மறுபடி கடல் ஏற்றம் என்று கழிக்கு உயிர் வரும்.

ஆக, போக நல்ல காலம் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வலசைப் பறவைகள் வருவதும் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான். முதல் மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம். கோடை முழுக்கத் தேங்கிய சாக்கடை அந்த ஒரு மழையில் மொத்தமாக அடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும், அடையாற்று முகத்துவாரத்தில் மீன்கள் செத்து மிதந்தது ஒரு தடவை இரண்டு தடவை நடந்த கதை இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முதல் காட்சி அது இல்லை.

மாதம் சரி, நாளும் நேரமும் எப்படிப் பார்ப்பது? சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை நீர் ஏறும், இரண்டு தடவை வற்றும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்கு வரும், அஷ்டமி பக்கம் அதில் பாதிகூட இருக்காது. கைப்பேசியில் அலை நேரம் காட்டும் செயலிகள் நிறைய இருக்கின்றன, சென்னை என்று போட்டால் வந்துவிடும். வற்றம் காலை ஏழு எட்டு மணிக்கு விழுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். கடல் நீர் சாந்தோம் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்துதான் இந்தப் பக்கம் வர வேண்டும், அதனால் வெளியே வற்றிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வற்றும். செயலியில் காட்டுகிற நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வற்றத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சேறு இருக்கிறது. அந்தச் சேறுதான் இங்கே பார்க்க வேண்டியதே.

மரப்பாலத்தில் போய்க் கைப்பிடி ஓரமாக ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள், அதிலும் நிழல் சேற்றின்மேல் விழாத பக்கமாக. முதலில் ஒன்றுமே தெரியாது, வெறும் ஓட்டைகள்தான். மூன்றாவது நிமிடம் ஒரு ஓட்டையிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நண்டு தலையை நீட்டும், பிறகு அதன் பக்கத்து வீட்டுக்காரர், பிறகு தெருவே வெளியே வந்துவிடும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பு அளவுக்குப் பெரிதாக இருக்கும், அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும், பஸ் நிறுத்தத்தில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பெண் நண்டுக்கு அழைப்பு, மற்ற ஆணுக்கு எச்சரிக்கை, இரண்டும் அந்தக் கையாட்டல்தான். அந்தப் பெரிய கையால் அதற்குச் சாப்பிட முடியாது, இன்னொரு சின்னக் கையால்தான் சேற்றை அள்ளி வாயில் போட்டு, அதில் இருக்கிற பாசியையும் நுண்ணுயிரையும் உறிஞ்சிக்கொண்டு, மீதியைச் சின்னச் சின்ன உருண்டையாகத் துப்பும். ஓட்டையைச் சுற்றிக் கடுகு கடுகாகச் சிதறிக் கிடப்பது அதுதான். என் அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது, வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டான், பாலத்தில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்து இருபது நிமிடம் நண்டை எண்ணினான். நாற்பத்தி ஒன்று வரை வந்தபோது பின்னால் யாரோ தொம் தொம் என்று ஓடிவர மொத்தத் தெருவும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டது, அன்றைக்கு அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த ஆள் திரும்பிப் பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

கெடுபிடி ஏன் என்ற கேள்விக்கு இதுவே பாதிப் பதில். ஒரு தடவை ஓடினால் நண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். கரையோரப் புல்லில் கூடு வைத்திருக்கிற கானாங்கோழி அப்படி இல்லை. பயந்து எழுந்து போன நேரத்தில் காக்கா முட்டையைத் தூக்கிவிடும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உள்ளான் வற்றம் இருக்கிற சில மணி நேரத்துக்குள்தான் சேற்றைக் குத்தித் தின்றாக வேண்டும், ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து பறந்தால் தின்றதைவிடச் செலவழித்தது அதிகமாகிவிடும். இடம் பெரிதாக இருந்தால் ஒரு மூலைக்கு ஒதுங்கிக்கொள்ளும். தொல்காப்பியப் பூங்கா மொத்தமே 58 ஏக்கர்தான், அதிலும் தண்ணீருக்கும் சேற்றுக்கும் போக மீதிதான் தரை. நாலு பக்கமும் சாலை, அடுக்குமாடி, ஹாரன். இதைத் தாண்டி ஒதுங்க எங்கே இடம்?

அப்புறம் சட்டம். முகத்துவாரத்தில் நீர் ஏறி வற்றுகிற இடம், கண்டல் காடு என்கிற அலையாத்திக் காடு எல்லாம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன, 1991 இல் முதல் அறிவிக்கை வந்ததிலிருந்தே அப்படித்தான். அந்த விதி இல்லாவிட்டால் இங்கேயும் நான்கு அடுக்குமாடி நின்றிருக்கும் என்பதுதான் என் எண்ணம், நம்ப முடியாவிட்டால் எம்.ஆர்.சி. நகர் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள், அங்கே காற்று வாங்க நிற்கும்போது உங்கள் காலடியில் இருப்பது ஒரு காலத்தில் எதுவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பூங்காவுக்காக 2006 இல் ஒரு அறக்கட்டளையை அரசு அமைத்தது, அதுதான் பின்னால் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை என்று பெயர் மாறியது. 2011 ஜனவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். ஆரம்பத்திலிருந்தே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூழலியல் சொல்லிக்கொடுக்கும் இடமாகத்தான் முன்வைத்தார்கள், பொதுமக்களுக்கு அளந்து அளந்துதான் கதவு திறந்தது. இடையில் 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பெரிய சீரமைப்பு செய்து 2025 அக்டோபரில் மறுபடி திறந்திருக்கிறார்கள். நாட்களும் நேரமும் கட்டணமும் பலமுறை மாறியிருப்பதால் ஞாயிறு திறந்திருக்குமா என்று கிளம்புவதற்கு முன் அறக்கட்டளையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், வாசல்வரை போய்த் திரும்பி வந்த அனுபவம் எனக்கு இரண்டு தடவை உண்டு.

வரிப்பணம் என்கிறீர்கள், நியாயம்தான், எனக்கும் அதில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. ஆனால் அது வேறு திசையில். பாதைக்கும் நுழைவாயிலுக்கும் கோடிகள் சுலபமாக வருகின்றன, படம் எடுத்துப் போடலாம். பூங்காவுக்கு வெளியே குழாய்க்குள் ஓடுகிற கழிவு நீரைத் தடுப்பதும், முகத்துவாரத்தை ஆண்டுதோறும் நேரத்துக்குத் திறந்து வைப்பதும் படத்துக்கு அழகாக வராத வேலை. உள்ளே எத்தனை கன்று நட்டாலும் அந்த இரண்டு வேலையும் நின்றால் ஒன்றும் நிலைக்காது.

ஏன் என்றால் கண்டல் மரத்துக்கு மூச்சு சேற்றுக்கு மேலேதான். வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரம் குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள், யாரோ நட்டு வைத்த முளைகள் என்று நினைத்துவிட வேண்டாம், அவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்றே கிடையாது, அதனால் வேர் மேல்நோக்கி வளர்ந்து வற்றத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளும். நீர் ஏறி மூடும், சில மணி நேரத்தில் வற்றித் திறக்கும், இந்தக் கணக்கில்தான் மரம் வாழ்கிறது. வாய் அடைத்துத் தண்ணீர் வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் மரம் மூச்சு முட்டிச் சாகும்.

அதே வெண்கண்டலின் கிளை ஏதாவது கைப்பிடிப் பக்கம் சாய்ந்திருந்தால், இலையைப் பறிக்காமல், விரலால் மட்டும் ஒருமுறை தடவி நாக்கில் வைக்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை. உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது மரம். மழை பெய்த மறுநாள் என்றால் கழுவிப் போயிருக்கும், இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போனால் பொடியாகவே கண்ணுக்குத் தெரியும். சுரபுன்னை இன்னும் வேடிக்கை. அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை, தாய் மரத்தில் தொங்கும்போதே முருங்கைக்காய் மாதிரி நீளமாக முளைவிட்டுக்கொண்டு, பிறகுதான் விழும். அலையில் மிதந்து எங்கேயோ போய்ச் சேற்றில் ஒட்டி நின்று மரமாகும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லாம் ஒருமுறை தலைகீழாகும்.

வாடை பற்றியும் கேட்டிருந்தீர்கள் அல்லவா? இரண்டு வாடை உண்டு அங்கே. ஒன்று அழுகிய முட்டை மாதிரி. அது காற்றில்லாத சேற்றில் இலையும் தழையும் மக்கும்போது நுண்ணுயிர்கள் விடுகிற வாயு, கடலோரக் கண்டல் சேறு எங்கேயும் அப்படித்தான் மணக்கும், பிச்சாவரத்திலும் இருக்கும். இன்னொன்று நம் தெருமுனைச் சாக்கடை வாடை. அது நாம் அனுப்பி வைத்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடாமல் எது எது என்று பிரித்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்துப் பாருங்கள், பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் சரியாக வரும்.

பறவைக்கு வருகிறேன். நீரோரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும், முக்குளிப்பான் உள்ளே போய் எதிர்பாராத இடத்தில் எழும், வெண்மார்பு மீன்கொத்தியின் சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் நீலம் தெரியும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி கிடைத்தால் நின்று பாருங்கள், தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்றுகொண்டு நேர் கீழே விழும். இலை அடர்ந்த மரத்தில் கூன் போட்டுக்கொண்டு தூங்குவது வக்கா, அது இராத்திரி வேலைக்காரர், எழுப்ப வேண்டாம். மேலே செம்பருந்து சுற்றும். கூழைக்கடா சில நாள் வரும், சில நாள் வராது. தொலைநோக்கி இல்லையென்றாலும் பரவாயில்லை, இருந்தால் ஒன்றே போதும், பிள்ளைகள் இருவருக்கும் முறை வைத்துக் கொடுங்கள், சண்டை உறுதி.

மேட்டுப் பக்கம் நிற்கும் மரங்களையும் விட்டுவிடாதீர்கள். முன்பு இங்கே மண்டியிருந்தது சீமைக் கருவேலம். அதை அகற்றிவிட்டு, சோழமண்டலக் கரையின் சொந்தக் காட்டை மறுபடி கொண்டுவரப் பார்த்தார்கள். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர்தான் இதன் திட்டத்தை வகுத்தவர்கள், இந்த வகைக் காட்டை மீட்கும் வேலையில் அவர்கள் பழுத்தவர்கள். கோடையிலும் இலை உதிர்க்காத, அதிகம் உயராத, பாலையும் வீரையும் காயாவும் கலந்த அந்தக் காடு இப்போது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிஞ்சியிருக்கிறது, மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் பார்த்தால் தெரியும். பூங்காவுக்குத் தொல்காப்பியத்தின் பெயர் வைத்ததை முதலில் நான் வெறும் அரசியல் அலங்காரம் என்று நினைத்தேன். ஆனால் கழியும் புன்னையும் தாழையும் சேர்ந்த நெய்தல் நிலம் என்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது என்று தோன்றிய பிறகு அந்தப் பெயர்மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம் என்று தொல்காப்பியத்தில் இருக்கிறது, நடைமுறையில் கொசு அந்த நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது, நீங்கள் காலையிலேயே போங்கள்.

போகும் வழி சுலபம். பறக்கும் ரயிலில் பசுமைவழிச் சாலை நிலையத்தில் இறங்கினால் பக்கம், அம்பேத்கர் மணிமண்டபம் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட், கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பிஸ்கட், சிப்ஸ் எல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள், இதில் வாசலில் வாக்குவாதம் செய்கிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன், ஒரு உறை தண்ணீரில் விழுந்தால் அது நேராகக் கடலுக்குத்தான் போகும் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போய், பார்த்துக்கொண்டே இருந்தால் போதாது, கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டால் அதே ஆற்றில் கொஞ்சம் மேலே கோட்டூர்புரம் மரப்பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிக்கொண்டிருந்த ஆற்றோர நிலத்தில் 'நிழல்' என்ற அமைப்பினரும் தன்னார்வலர்களும் சேர்ந்து மரம் வளர்த்தார்கள். அங்கே கடல் ஏற்றம், கண்டல் சேறு எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், அது நிழலும் மண்வெட்டியுமான இடம். விடுமுறை நாள் காலைகளில் களை எடுக்க, பாத்தி கட்ட, சருகு அள்ள ஆட்கள் கூடுவார்கள், விசாரித்துவிட்டுப் போனால் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். மண் அள்ளிய பிள்ளைக்கு அடுத்த தடவை கிளையை ஒடிக்கக் கை வராது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டுமோ என்று யோசித்திருந்தால், கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாதை மொத்தம் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு வரும், முழங்கால் வலி இருந்தால் முழுச் சுற்றும் வேண்டாம், தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து நிழலில் உட்கார வைத்துத் தொலைநோக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு சேற்றுப் பக்கம் போய் வாருங்கள். கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் நொச்சி எது, புங்கை எது, பூவரசு எது என்று பலகையைப் பார்க்காமல் சொல்லிவிடுவார். என் அம்மா ஒரு தடவை பூவரசம் இலையைப் பார்த்ததும் பீப்பி சுருட்ட ஆரம்பித்துவிட்டார், காவலர் ஓடிவந்தார், நல்லவேளை அது கீழே விழுந்து கிடந்த இலை.